வலது கார்னரில் நின்றவர்

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது சாம்பாரைப் பற்றி. புணேயின் கராடி பகுதியில் எங்கள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் உள்ளரங்கத்தை வாடகைக்கு எடுத்து, ஒரு தொழில்முறை கபடி அணி பயிற்சி முகாம் போட்டிருந்தது. எந்த ஊர் அணி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். மதியச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆறடி மனிதர் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுத் துழாவிவிட்டு, "இதுல பருப்பத் தேட நம்ம ரைடருங்க எவனையாச்சும்தான் உள்ள அனுப்பணும்" என்று தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். இந்தியும் மராத்தியுமாக இரைந்துகொண்டிருந்த அந்தக் கூடத்தில் தன் பேச்சு ஒருத்திக்குப் புரிந்துவிட்டது என்பதே அவருக்கு அன்றைய விருந்து. அதற்குப் பிறகு மற்றவர்கள் முன்னால் நான் 'மேடம்', தனியாக இருக்கும்போது 'தங்கச்சி'. நான் கோயம்புத்தூர்க்காரி, எல்லோரையும் அண்ணா என்பவள். அவரையும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

எங்கள் நிறுவனம் அந்த அணிக்கு வீடியோ அலசல் செய்து கொடுத்தது; என் வேலை ஆட்டத்தைப் பார்ப்பது. பார்த்து, ஒவ்வொரு ரைடையும் தனித் துண்டாக வெட்டி, யார் பாடி வந்தார், யார் பிடித்தார், யார் கோட்டைவிட்டார் என்று குறிப்பு எழுதி எங்கள் மென்பொருளில் ஏற்றுவது. நம் அணி ஆட்களுக்கு இரண்டு கோப்புகள் உண்டு: நன்றாகச் செய்தவை, சொதப்பியவை. எதிரணி ஆட்களுக்கு ஒன்றே ஒன்று, அவர்களை எங்கே அடிக்கலாம் என்பது மட்டும். கபடிக் கோட்டை வாழ்நாளில் மிதித்திராத எனக்கு இந்த வேலையில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவளுக்குத் தெரிவது, மேட் விரிப்பில் வேர்த்து விழுபவனுக்குத் தெரியாது என்று மெய்யாகவே நம்பியிருந்தேன்.

அண்ணன் வலது கார்னர். ஏழு பேர் கைகோத்து நிற்கும் வரிசையில் வலதுகோடி ஆள். பாடி வரும் ரைடர் கோட்டைத் தொடக் காலை நீட்டும் நேரம் பார்த்துப் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் கூட்டம் கத்தும். ஆனால் சட்டையில் பெயர் அச்சடித்து விற்பது ரைடர்களுடையதைத்தான். ஒன்பது சீசனில் ஆறு அணிகள் மாறியிருந்தார். ஏலத்தில் முதல்முறை அவர் பெயரைப் படிக்கும்போது யாரும் கையைத் தூக்குவதில்லை. கடைசியில், மிச்சமிருப்பவர்களை இன்னொரு முறை படிப்பார்களே, அப்போது எந்த அணிக்காவது ஒரு கார்னர் குறைந்திருக்கும். "பந்தியில கடைசி இலை எனக்குத்தான், ஆனா சாப்பிடாம எந்திரிச்சதில்ல" என்பார். ஆறு ஊர் மொழியிலும் 'பிடி', 'விடாதே' சொல்லத் தெரியும் என்று விரல்விட்டுக் காட்டுவார். அதைப் பெருமையாகச் சொல்கிறாரா நொந்துபோய்ச் சொல்கிறாரா என்று அன்று எனக்குப் புரியவில்லை.

ஜூலை மாத மழையில் ஒருநாள், பயிற்சி முடிந்ததும் என் வீடியோ அறைக்கு வந்தார். தன் பழைய பிடிகளைப் பார்க்க வேண்டுமென்றார். போட்டுக் காட்டினேன். ஐந்தாறு பார்த்துவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இடது தோளு ரெண்டு வருசமாப் போச்சு தங்கச்சி. கைய எட்டிப் போட்டா கழண்டுக்கும். நானே அமுக்கி மாட்டிக்குவேன்."

"டாக்டர்கிட்டக் காட்டலீங்களாண்ணா?"

"டீம் டாக்டர்கிட்டக் காட்டுனா டீமுக்கே காட்டுன மாதிரி. வீட்லயே சொல்லல. இன்னும் ரெண்டு சீசன் ஓட்டிட்டேன்னா இவங்களே அசிஸ்டெண்ட் கோச்சா வச்சுக்குவாங்க. அதுக்குத்தான் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

எப்படி மறைக்கிறார் என்பதையும் எழுந்து நின்று காட்டினார். அரை அடி உள்ளே தள்ளி நிற்பார். அதனால் அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் வழி அடைபட்டிருப்பதுபோல் ரைடருக்குத் தோன்றும். அந்தப் பக்கம் வரமாட்டான். வந்தால் இடது கையை வீச வேண்டும், அது மட்டும் அவரால் ஆகாது. என்னிடம் அவர் எந்த உதவியும் கேட்கவில்லை. இரண்டு வருடமாக ஒரு மனிதரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்திருக்கிறது, தமிழ் தெரிந்தவளாக நான் வாய்த்தேன்.

அன்று வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் பூட்டின் சாவி கையில் இருக்கும்போது கை சும்மா இருக்குமா? பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் அந்த அரை அடி கண்ணில் பட்டது. எவனாவது தெரியாத்தனமாக அந்த வழியில் புகுந்த இடங்களையெல்லாம் வெட்டினேன். நாற்பது துண்டுகள் தேறின. நாற்பதிலும் அவர் இடது கை இடுப்பைவிட்டு மேலே வரவில்லை. 'இடது தோளைத் தவிர்க்கிறார், உள்பக்கம் புகுந்தால் விட்டுவிடுவார்' என்று ஆங்கிலத்தில் அழகாக ஓர் அறிக்கை எழுதிப் பயிற்சியாளருக்கு அனுப்பினேன். அவர் சொல்லித் தெரிந்ததை நானே கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொண்டேன். பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும், "இந்தப் பெண்ணுக்கு ஆட்டம் புரிகிறது" என்று இந்தியில் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, நான் அவரைக் காட்டிக்கொடுத்தேன்.

அந்தச் சீசனில் பாதி ஆட்டங்களில் அவரை வெளியே உட்காரவைத்தார்கள், முடிந்ததும் விடுவித்துவிட்டார்கள். வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னார்களாம். மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது என் அறைக்கு வந்து, "இந்தக் கேம்ப்ல நம்ம ஆளுன்னு நீங்க ஒருத்தர்தாம்மா" என்றார். நான் குனிந்து கணினி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஏலத்திலும் கடைசி இலை கிடைத்தது அவருக்கு, ஏழாவது அணி. எங்கள் மென்பொருளில் அவர் பெயர் எதிரணிப் பட்டியலுக்குப் போனது. அப்படிப் போகிற எவருக்கும் 'நன்றாகச் செய்தவை' கோப்பு தேவையில்லை, அது தானாக அழிந்துவிடும். 'சொதப்பியவை' மட்டும் இருக்கும்.

அந்த அணி எங்களோடு மோதியது புணேயில்தான். அரங்கில் பக்கவாட்டு மேசையில் நான் கணினியோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ரைடர், முகாமில் அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பையன், முதல் பாதியிலேயே மூன்று முறை அந்த வழியாகப் புகுந்தான். மூன்று முறையும் அவர் விட்டுவிட்டார். அவர்கள் பயிற்சியாளர் வெளியிலிருந்து கெட்ட வார்த்தையில் திட்டினார். நான்காவது முறை அவர் இடது கையை வீசினார். அவன் இடுப்பில் கை விழுந்தது, அவன் உதறிக்கொண்டு திரும்பினான், அவர் மேட்டில் கிடந்தார். தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. என் விரல் பழக்கத்தில் பொத்தானை அழுத்தியது: வெற்றிகரமான ரைடு, ஒரு புள்ளி. அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது.

ஐந்து வருடம் ஆகிறது. நான் இப்போது அலுவலகத்தில் டீம் லீட், எனக்குக் கீழே எட்டுப் பேர் வீடியோ வெட்டுகிறார்கள். போன மாதம் அவர் அழைத்தார். இங்கே புணேயிலேயே போபோடியில், மனைவியின் அம்மா வீட்டருகே குடியிருக்கிறாராம். ஒரு கிடங்கில் காவல் மேற்பார்வை. லோஹேகாவ் பக்கம் ஒரு பள்ளியில் கபடி பயிற்சியாளர் வேலை இருக்கிறதாம். தொழில்முறை லீகில் ஆடியதற்கு ஆதாரமாக வீடியோ கேட்கிறார்களாம்.

"நெட்ல தேடுனா பூரா ரைடருங்க வீடியோதாம்மா இருக்கு. உங்க கம்பெனியில நான் நல்லாப் பிடிச்சது நாலஞ்சு கெடக்கும்ல?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் தேடினேன். முழு ஆட்டப் பதிவுகளை இடம் போதவில்லை என்று எப்போதோ அழித்திருந்தார்கள். அவர் பெயரைப் போட்டதும் வந்தவை என் நாற்பது துண்டுகளும் அந்தக் கடைசி ஒன்றும். ஒன்பது வருடம் கணுக்கால் கணுக்காலாகப் பிடித்த மனிதர், ஒருவரையும் பிடிக்காதவராக எங்களிடம் சேமிப்பில் இருக்கிறார். மறுநாள் அழைத்து, நல்லது எதுவும் இல்லை என்றேன். தோளைப் பற்றி எழுதியது நான்தான் என்பதையும் அப்போதுதான் சொன்னேன்.

"தெரியும்மா. அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதான், உங்க கம்பெனி குடுத்த ஷீட்ட போன்ல காட்டுனான். நான் அந்தத் தோளப் பத்திப் பேசுனது இந்த ஊர்ல உங்க ஒருத்தர்கிட்டதான."

"மன்னிச்சிருங்கண்ணா."

"இருக்குறத அனுப்புங்க. பிடிச்சேனா விட்டேனான்னு அந்த ஸ்கூல்காரங்களுக்கு என்ன தெரியப்போவுது? மேட்டுல நின்னேன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

நாற்பதையும் அனுப்பினேன். கடைசி ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டேன். அதை அனுப்பாமல் இருப்பதுதான் நான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி வந்தது.

"மேடம், எல்லாத்துலயும் என் முதுகுதான் தெரியுது. இது நீங்கதான்னு எப்படி நம்புறதுன்னு கேக்குறாங்க. அந்தக் கடைசி மேட்ச் இதுல இல்லியே. கீழ விழுந்தப்ப கேமராவ மூஞ்சிக்கிட்டக் கொண்டாந்து நல்லா காட்டுனாங்க. அத மட்டும் அனுப்பிவிடுங்க."

அனுப்பினேன்.