மாமாவின் வயிற்றில் இருந்தது

கல்யாணமான இரண்டாவது வருஷம் என் மாமனார் சோற்றைக் கண்டால் பயப்பட ஆரம்பித்தார். அப்போது மாமா, அத்தை, என் கணவர், நான் எல்லோரும் ஆஸ்டின் டவுனில் ஒரே வீட்டில் இருந்தோம். மாமா லேத் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி, மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பாடு. அப்படிப்பட்டவர் நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். மீறிச் சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். நாலு மாதத்தில் சட்டை தோளில் நிற்கவில்லை.

என்டோஸ்கோபி செய்தோம், ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் நார்மல் என்றார்கள்.

“நார்மல்னா ஏன் இப்படி ஆவறாரு?” என்று அத்தை கேட்டார். டாக்டர் எதிரே உட்கார்ந்திருக்க, கேள்வி என்னிடம் வந்தது.

அன்றிலிருந்து நான் குழம்பு கொதிக்கவிட்டால் அத்தை பக்கத்தில் வந்து நின்றார். மசாலா டப்பாக்களைத் திறந்து முகர்ந்தார். ஒருநாள் என் கணவரிடம், “யாரோ சோத்துல மருந்து வெச்சிருக்காங்கடா” என்றார். அந்த வீட்டில் சமைப்பவள் நான் ஒருத்திதான். என் கணவர் வாயே திறக்கவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிறவர் ஒருவர் சிவாஜிநகரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மாமாவை ஆட்டோவில் அழைத்துப் போனோம். கறிக்கடைச் சந்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அந்த ஆள் மாமாவின் தொப்புளுக்கு மேல் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் தட்டில் துப்பினார். அதில் முடி சுற்றியிருந்தது.

“நீள முடி. பொம்பளை முடி” என்றார்.

அத்தை என் பின்னலைப் பார்த்தார். நான் அந்த ஆளின் கன்னத்தைப் பார்த்தேன். நாங்கள் உள்ளே நுழைந்தபோதே அது ஒரு பக்கம் உப்பியிருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்?

அன்று சாயங்காலம் அத்தை தன் கையால் அவித்த இட்லியை மாமா தெம்பாகச் சாப்பிட்டார். அரை மணியில் அதே வலி. “இன்னும் மிச்சம் உள்ள இருக்கு” என்றார் அத்தை.

அடுத்த வாரம் வேலைக்கு லீவு போட்டு, மாமாவைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். அத்தையும் என் கணவரும் கூடவே வந்தார்கள். மாமா மேல் இருந்த அக்கறை என்று சொல்லிக்கொள்ளலாம். என் பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போனேன். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். சாப்பிட்ட பிறகு மட்டும்தான் வலியா என்று கன்னடத்தில் விசாரித்தார். “ஹௌது” என்று தலையாட்டினார் மாமா. ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். குடலுக்குப் போகிற ரத்தக்குழாய் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியிருந்தது.

“சாப்பிட்டா குடலுக்கு நிறைய ரத்தம் வேணும். போக வழி இல்ல, அதான் வலி. ஸ்டென்ட் வெச்சு விரிக்கலாம்.”

இப்போது எனக்குச் சந்தேகம். “அது நெஞ்சுக்கு வைக்கிறதாச்சே டாக்டர், வயித்துக்கு எதுக்கு?”

அவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அடைப்பு எங்கே வந்தாலும் வைக்கலாமாம். முழுக்க நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் நான் கேட்க வந்த கேள்வி வேறு. அத்தைக்குக் கேட்கும்படி உரக்கவே கேட்டேன்: “சாப்பாட்டுல எதையாவது கலந்தா இப்படி ஆகுமா?”

டாக்டரம்மா மாமாவின் மஞ்சளேறிய விரல்களைக் காட்டினார். “இந்த பீடியால ஆகும்.”

வெளியே வந்ததும் அத்தை என் கணவரிடம், “இவ முன்னாடியே அந்தம்மாகிட்ட பேசி வெச்சிருக்கா” என்றார்.

தொடை இடுக்கு வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, வலை மாதிரியான சின்னக் குழாயை அந்த இடத்தில் விரித்து வைத்தார்கள். மறுநாள் காலை மாமாவுக்கு இட்லி கொடுத்தார்கள். நானும் அத்தையும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி ஆயிற்று. ஒரு மணியும் ஆயிற்று.

“இன்னும் ரெண்டு கிடைக்குமா?” என்றார் மாமா. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, அத்தை கோயிலுக்குப் போயிருந்த மத்தியானம், மாமாவுக்குச் சோறு போட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நானும் நெனச்சேம்மா. அவ சொல்லச் சொல்ல, எனக்கும் உம்மேல அப்படித்தான் தோணிச்சு.”

கரண்டி என் கையிலேயே நின்றது. “இப்போ மாமா?”

“இப்போ பசிக்குதும்மா.”

ரசத்தை ஊற்றினேன். அவர் பிசைந்து சாப்பிட்டார். நான் எதிரே உட்காராமல், கூடத்தில் போய் நின்றுகொண்டேன்.