மைக்செட்டின் கழித்தல் கணக்கு

கதவைச் சாத்த அவருக்கு இரண்டு கைகளும் வேண்டும். ஒரு கை பிடியைத் திருகி வைத்திருக்கும். மற்றது கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரலைக் கொடுத்துக் காத்திருக்கும். கதவு நிலையைத் தொடப்போகும் நேரத்தில் விரலை உருவிக்கொண்டு, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். பூட்டின் நாக்கு உள்ளே போவது பூட்டுக்கே தெரியாது. திருடர்கள் பார்த்தால் காலில் விழுந்து வித்தை கேட்பார்கள். மேசையில் டம்ளர் வைத்தால் முதலில் சுண்டுவிரல் இறங்கும், அதன்மேல் டம்ளர் இறங்கும். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிவிடுவார்.

இத்தனைக்கும் மனிதர் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுபவர். அங்கே அவரை மைக்செட் என்றால்தான் தெரியும். மரப்பெட்டிமேல் ஏறி நின்று அவர் "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால், அடுத்த தெருவில் சவரம் செய்துகொண்டிருப்பவருக்குக் கன்னம் கிழியும். மதியம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் யாரோ வயரைப் பிடுங்கிவிட்டதுபோல் ஆகிவிடுவார். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதுகூட வாயசைவில்தான். தள்ளி நின்று பார்த்தால் இரண்டு மீன்கள் கோபித்துக்கொள்வதுபோல் இருக்கும்.

அவர் என் மனைவியின் அண்ணன். அவர் இப்படி ஆனதற்குக் காரணம் அவர் மகள். ஏழாவது மாதம் முடிவதற்குள், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் பிறந்துவிட்டாள்.

அவளை வைத்திருந்த வார்டை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கழுவத் தோன்றுகிறது. முழங்கைவரை சோப்புப் போட்டு, அங்கியை மாட்டிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். வெளிச்சம் படாமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒரு துணி. மைக்செட் முதல்முறை உள்ளே போனவர், தன் சுபாவப்படி, "எங்கேம்மா இருக்கா என் பொண்ணு?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். எல்லாப் பெட்டியிலும் பிள்ளைகள் கையை விரித்துத் துள்ளின. நாலைந்து மெஷின்கள் ஒன்றாகக் கூவின. நர்ஸ் அவர் கையைப் பிடித்து வராந்தாவில் கொண்டுவந்து நிறுத்தினார். "சார், இங்க பேசணும்னா கண்ணால பேசுங்க. வாயால பேசணும்னா வீட்டுக்குப் போய்ப் பேசுங்க."

டாக்டர் பொறுமைசாலி. "மூளையும் நரம்பும் இன்னும் கட்டி முடியாத வீடுன்னு வெச்சுக்குங்க. ஒயர் இழுத்திருக்கு, ஆனா பாதிக்கு மேல உறை போடல. வயித்துக்குள்ள இருட்டுல நிம்மதியா நடக்க வேண்டிய வேலை இங்க வெளிச்சத்துல நடக்குது. சத்தம், வெளிச்சம், ஆசையா தடவிக் குடுக்கறது, எல்லாமே அவளுக்கு அதிகம். விரலை விரிச்சுக் காட்டினா, போதும், விடுங்கன்னு அர்த்தம்."

தடவக்கூடாது என்றால் அப்பன்காரன் என்னதான் செய்வது? நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். ஒரு உள்ளங்கை தலையில், இன்னொன்று பாதத்தில். பொத்தினாற்போல் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். சந்தையில் கையை ஆட்டாமல் விலை சொல்லத் தெரியாத மனிதர் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் ஓட்டைகளுக்குள் கையை விட்டபடி சிலையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். "சுரைப்பிஞ்சு மாதிரி இருக்கா மாப்ளே" என்று வெளியே வந்து காதோடு சொன்னார். வேறு எந்த அளவும் அவருக்குத் தெரியாது. இன்னொரு நாள், "மூச்சு விடறதை மறந்துடறாளாம். நர்ஸ் உள்ளங்கால்ல சுண்டினாத்தான் ஞாபகம் வருதாம். மூச்சை யாராச்சும் மறப்பாங்களா?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, கையைக் கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றுகொண்டே இருந்தார்.

கெட்ட காலம்தான். ஆனால் அந்த வராந்தாவை நினைத்தால் எனக்கு ஏனோ ஆசையாக இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பத்துப் பேர் கூடினால் பதினோரு பேர் பேசுவார்கள். அங்கே எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டு, கிசுகிசுவென்று பேசினோம். என் மனைவிக்கும் அவள் அண்ணிக்கும் கல்யாணத்தன்றைக்கு ஆரம்பித்த தகராறு ஒன்று அங்கேதான் செத்துப்போனது. கிசுகிசுப்பில் அந்தத் தகராறைத் தொடர முடியவில்லை, பாவம். குழந்தை உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் சேர்த்துச் செய்தாள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது மொத்தக் கும்பலும் சத்தம் வராமல் கை தட்டியது. அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். "பக்கத்து வீட்டுப் பிள்ளை கவிழ்ந்துடுச்சு, நம்ம பிள்ளை கவிழலையேன்னு பயப்படாதீங்க. இவ வயசுல ரெண்டரை மாசம் கழிச்சுப் பாருங்க. பிறக்க வேண்டிய தேதியிலேர்ந்து எண்ணுங்க." இரண்டு வயதுவரை இப்படி எண்ணினால் போதும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் எல்லோர் காதிலும் விழுந்தது, மைக்செட் காதைத் தவிர.

அன்று பிடித்தவர் விடவில்லை. காலையெல்லாம் சந்தையில் கூட்டல், மதியத்துக்குமேல் வீட்டில் கழித்தல். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, சர்டிபிகேட்டில் ஒரு வயது, அப்பா வாயில் ஒரு வயது. "எது சார் நிஜம்?" என்று கேட்ட தலைமை ஆசிரியையிடம், "ரெண்டும் நிஜம்தாங்க. நரம்புக் கணக்கு வேற, ஆபீஸ் கணக்கு வேற" என்றார். பஸ்ஸில் கண்டக்டர் அரை டிக்கெட் தகராறு என்று நினைத்துக் குரலை உயர்த்தினால், "முழு டிக்கெட்டே குடுங்க. வயசை மட்டும் குறைச்சுக்குங்க" என்பார். கண்டக்டர்களின் வாழ்க்கையில் இப்படி ஒரு பிரயாணி ஒருமுறைதான் ஏறுவார். கணக்குப் பரீட்சையில் மகள் கோட்டைவிட்டால், "கூடப் படிக்கிறதுங்க எல்லாம் ரெண்டரை மாசம் மூத்ததுங்க. எப்படிப் போட்டி போடுவா?" என்று நியாயம் கேட்பார்.

அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. தட்டை உடைத்தால், "எனக்கு இன்னும் அந்த வயசு வரலம்மா" என்பாள். பிறந்தநாள் அவளுக்கு வருஷத்துக்கு இரண்டு. பிறந்த தேதி அம்மாவுடையது, பிறக்க வேண்டிய தேதி அப்பாவுடையது. இரண்டுக்கும் புதுத் துணி வாங்கிக்கொண்டாள். போதாக்குறைக்கு, அப்பனின் குரல் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. அவள் குளியலறையில் பாடினால் மைக்செட் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். அவள் சத்தத்திலிருந்து அவளையே காப்பாற்றும் ஏற்பாடு.

போன வாரம் இந்தக் கணக்கு முட்டிக்கொண்டது. வெளியூரில் ஒரு துறைமுகம். அங்கே கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கும் கிரேனை ஓட்டப் பயிற்சி. இவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இருபத்தொரு வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. முடிந்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். மைக்செட் அவளுடைய சக்கரம் வைத்த சூட்கேஸை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார்.

"நீங்க வந்து சொல்லுங்க தம்பி" என்று அவர் மனைவி கூப்பிட்டதால் போனேன். யாரிடமும் எதையும் சொல்லி ஜெயித்ததாக எனக்குச் சரித்திரம் இல்லை. டீ நன்றாக இருக்கும் என்பதால் போனேன்.

"போக வேணாம்னு யாரு சொன்னா?" என்றார் மைக்செட், வழக்கமான கிசுகிசுப்பில். "அடுத்த பேட்ச்ல போகட்டும். இருபத்தொன்னு முடியணும்னு அவங்களே சொல்றாங்க. முடியலையே."

"முடிஞ்சாச்சுப்பா."

"கழிச்சா முடியல."

"ஏங்க, அந்த டாக்டரே ரிட்டையர் ஆகி உக்காந்துட்டாரு. நீங்க இன்னும் கழிச்சுக்கிட்டே இருக்கீங்க" என்றார் மனைவி. "சந்தையில கையைத் தூக்க யோசிச்சவனுக்குச் சரக்கைக் குடுப்பீங்களா? அவங்க மட்டும் இவளுக்காக இடத்தைப் பிடிச்சு வெச்சிருப்பாங்களா?"

"கிரேன்டி. அவ்வளவு உசரம். தனியா உக்காரணும். கை ஒரு நூல் பிசகினா..." அவர் மகளின் கையைப் பார்த்தார்.

மகள் நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் ஆச்சரியப்படும்படி, அவளும் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, அந்த ரெண்டரை மாசம் நான் என்ன பண்ணேன்?"

அவர் அலமாரிக்கு மேலே கிடந்த சூட்கேஸைப் பார்த்தார்.

"சும்மா படுத்துக் கெடந்தேனா? மூச்சு விடக் கத்துக்கிட்டேன். விழுங்கக் கத்துக்கிட்டேன். வெளிச்சத்தைத் தாங்கினேன், உங்க தொண்டையைத் தாங்கினேன். என் கூட்டாளிங்க எல்லாம் அம்மா வயித்துல ஓசியில முடிச்ச வேலையை நான் வெளிய வந்து, ஊசி குத்திக்கிட்டு, ஒத்தையா முடிச்சேன். என் ஆயுசுலயே அப்படி ஒழைச்சதில்ல. நீங்கதான் பக்கத்துல நின்னு பாத்தீங்க. போயும் போயும் அந்த மாசத்தையா கழிக்கிறீங்க?"

மைக்செட்டின் உதடு அசைந்தது. இத்தனை வருஷமாக அந்த உதட்டைப் படித்துப் பழகிய மனைவிக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. என் டீ ஆறிவிட்டது.

அவர் எழுந்தார். ஸ்டூலை நகர்த்தி ஏறி, அலமாரி மேலிருந்த சூட்கேஸை இறக்கினார். தோளில் கிடந்த துண்டால் தூசியைத் துடைத்தார். வாசலருகே கொண்டுபோய் நிறுத்தி, கைப்பிடியை இழுத்தார். ஒரு படி வந்து நின்றது. திரும்பி மகளைப் பார்த்தார், அவள் எழுந்து நிற்கும்வரை பார்த்தார். பிறகு குனிந்து, கைப்பிடியை அவள் உயரத்துக்கு இன்னும் ஒரு படி உயர்த்தினார்.