ஹென்னிங் வராத ஹென்னிங் விழா

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாவிடைக்குப் போனேன். பூங்கொத்து வந்திருந்தது. கிளப் தலைவர் மைக்கோடு வந்திருந்தார். மைதானம் நிறையச் சனம் வந்திருந்தது. யாருக்குப் பிரியாவிடையோ... அவர் மட்டும் வரவில்லை!

எங்கே போனார்? கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். ஆடை மாற்றும் அறையில், ஷவருக்குக் கீழே. நடுவர் அவரை அங்கே அனுப்பியிருந்தார்.

அவசரப்படாமல் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஹென்னிங். தொழில், உதைபந்தாட்டம். "அட, பிரபலமோ?" என்று கதிரையை விட்டு எழும்பிவிடாதீர்கள். பீலெஃபெல்டிலிருந்து கொஞ்ச நேரம் ரயிலில் வந்தால் எங்கள் ஊர். அந்த ஊர்க் கிளப்பில், ஜேர்மனியின் இரண்டாம் டிவிஷனில், பத்துப் பன்னிரண்டு வருடமாக நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருந்தவர். நீங்கள் டிவியில் பார்க்கும் முதலாம் டிவிஷன் வேறு. அதில் ஆடுபவர்கள் ஷாம்பு விளம்பரத்தில் வருவார்கள். ஹென்னிங் வந்த ஒரே விளம்பரம், உள்ளூர் டயர் கடைக்காரருடையது. அதிலும் டயர்தான் முன்னால் நின்றது.

ஆட்டம் எப்படி? கோல் அடிக்க மாட்டார். ஆளை ஏய்த்துக்கொண்டு ஓட மாட்டார். பந்து வந்தால் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுப்பார். பக்கத்தில் ஆள் இல்லையென்றால்? பின்னால் நிற்பவருக்கு! ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ரெகியோனால்பான்'. அதாவது, எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும் உள்ளூர் ரயில். வேகம் கிடையாது, சொகுசு கிடையாது. ஆனால், எப்படியும் வந்து சேரும். (ஜேர்மன் ரயில்களோடு பழக்கமுள்ளவர்கள் இந்தக் கடைசி வசனத்தைச் சந்தேகிப்பார்கள். அது அவர்கள் உரிமை.)

ஒரே ஒரு தடவை முதலாம் டிவிஷன் கிளப் ஒன்று அவரைக் கூப்பிட்டது. தெருவே கைகொடுத்து அனுப்பியது. ஒரு சீசன் முழுக்க அங்கே மாற்று ஆட்டக்காரர்களுக்கான வாங்கில் குந்தியிருந்தார். ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. அடுத்த வருடம் பெட்டியோடு திரும்பி வந்தார். "எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"அருமை! அங்க வாங்குக்கே ஹீட்டர் போட்டிருக்கு" என்றார்.

அவர் பேசுவது டொச், அதாவது ஜேர்மன் மொழிதான். என் காதுக்குள் போகும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடுகிறது. முப்பது வருடப் பழக்கம். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஜெசி மன்னார்க்காரி. மன்னாரில் பிறந்தவர்களுக்கு உதைபந்து தெரியாது என்று சொன்னால் அடி விழும். ஹென்னிங்கின் ஆட்டத்தை என்னைவிட நுணுக்கமாகப் பார்த்து, என்னைவிடக் கடுமையாகத் திட்டுபவள் அவள்தான். "முன்னுக்கும் ஒரு பாதை இருக்கெண்டு இந்தாளுக்கு ஆரும் சொல்லேல்லையோ?" என்பாள். அடுத்த நாள் அதே ஆளுக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து வேலிக்கு மேலால் நீட்டுவாள். அவர் கிளப்பின் உணவு நிபுணருக்குத் தெரியாமல் அங்கேயே நின்று தின்று முடிப்பார்.

வேலி என்றதும் யாழ்ப்பாணத்தானான எனக்கு எல்லைச் சண்டைக்குக் கை துருதுருக்கும். ஆனால் இந்த ஒரு வேலியில் மட்டும் சண்டை வந்ததில்லை.

பங்குனி மாதம் ஒரு நாள் அந்த வேலியடியில் ஹென்னிங் செடியை வெட்டிக்கொண்டு நின்றார். பயிற்சிக்குப் போகவேண்டிய நேரம் அது. வெட்டின இடத்தையே திரும்பத் திரும்ப வெட்டினார். செடி மொட்டையாகிக்கொண்டே வந்தது.

"என்ன, சுகமில்லையோ?"

"புது ஒப்பந்தம் இல்லையாம்" என்றார். "இந்த சீசனோட சரியாம். ஒரு கோப்பி குடிச்சு முடியிறதுக்குள்ள சொல்லி முடிச்சிட்டினம்."

என்ன சொல்வது? முப்பத்தாறு வயது. நம் கணக்கில் இளந்தாரி. உதைபந்துக் கணக்கில் கிழவன். "பிறகென்ன, நல்லா நித்திரை கொள்ளலாம்" என்று ஏதோ உளறினேன்.

"நித்திரை பிரச்சினை இல்லை. திங்கட்கிழமை காலமை எழும்பிப்போட்டு எங்க போறது?"

அவர் பாவம், செடியைத்தான் தண்டித்துக்கொண்டிருந்தார்.

அப்படியாக வந்ததுதான் போன ஞாயிறு. சீசனின் கடைசி ஆட்டம், சொந்த மைதானம். கடைசிச் சில நிமிடங்களுக்கு ஹென்னிங்கை இறக்கி, எல்லோரும் எழும்பி நின்று கைதட்டி, ஆட்டம் முடியப் பூங்கொத்துக் கொடுப்பது என்று திட்டம். ஜேர்மன்காரர் திட்டம் போட்டால் பூங்கொத்துக்கும் நேரம் குறித்திருக்கும்.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. கிளப் ஆபத்தில் இருந்தது. அன்றைக்குத் தோற்றால் மூன்றாம் டிவிஷனுக்கு விழும். சமன் செய்தால் தப்பும்.

ஹென்னிங்கின் மனைவி பெயர் அங்கெ, பள்ளிக்கூட ரீச்சர். அவர்தான் எங்களுக்கு ரிக்கெட் தந்து, தனக்குப் பக்கத்தில் இருத்தினார். ஜெசி ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையை விட்டுவிட்டு வந்திருந்தாள். "ஃபாதர் கேட்டா, ஒரு ஆத்துமாவை வழியனுப்பப் போனதெண்டு சொல்லுவம்" என்றாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. நேரம் போகப் போகப் பயிற்சியாளரின் முகம் வெளிறியது. ஹென்னிங் கோட்டுக்கு வெளியே உடம்பைச் சூடாக்கி ஓடினார், நின்றார், மறுபடி ஓடினார். சனம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. பயிற்சியாளர் திரும்பியே பார்க்கவில்லை. பார்ப்பாரா? வேலை போகிற நேரத்தில் யாருக்குப் பூங்கொத்து ஞாபகம் வரும்?

கடைசியில் இளம் நடுக்களக்காரர் ஒருவர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு விழ, வேறு வழியில்லாமல் ஹென்னிங் உள்ளே போனார். மைதானம் எழும்பியது. அங்கெ எழும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் நேற்று ஒண்டும் சாப்பிடேல்லை" என்றார்.

போனவர் என்ன செய்தார்? பந்தைப் பக்கத்துக்குக் கொடுத்தார். பின்னுக்குக் கொடுத்தார். ஜெசி பல்லைக் கடித்தாள்.

நடுவர் கூட்டிக் கொடுத்த நேரமும் முடியப்போகிறது. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆசைப்பட்டு முன்னால் ஏறிவிட்டார்கள். பந்து பறிபோனது. எதிரணியின் இளம் பெடியன் ஒருவன், குதிரை மாதிரி, எங்கள் கோலை நோக்கித் தனியாக ஓடினான். அவனுக்கும் கோல் காப்பாளருக்கும் இடையில் யாரும் இல்லை. பின்னால் துரத்தியது ஒரே ஒரு ஆள்.

உள்ளூர் ரயில்!

"ஓடுமய்யா! ஓடும்!" ஜெசி தமிழில் கத்தினாள்.

ஓடினார். அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஆனாலும் எட்டவில்லை. பெனால்ட்டி கட்டத்துக்கு ஒரு எட்டு முன்னால், ஹென்னிங் கையை நீட்டி அந்தப் பெடியனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து... ஒரே இழுவை. இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள்.

நடுவருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. சிவப்பு அட்டை.

ஹென்னிங் எழும்பினார். அந்தப் பெடியனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். குனிந்த தலையோடு நேரே நடந்து உள்ளே போய்விட்டார். மைதானம் கைதட்டுவதா, திட்டுவதா என்று தெரியாமல் நின்றது. அங்கெ முதலில் வாயைப் பொத்தினார். பிறகு பார்த்தால்... சிரிக்கிறார். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரிக்கிறார்.

"வீட்டிலயும் இப்பிடித்தான்" என்றார். "விடுற பிழையைச் சரியான நேரம் பார்த்து விடுவார்."

ஃப்ரீ கிக். ஜெசி சிலுவை போட்டுக்கொண்டாள். பந்து கோல் கம்பத்துக்கு மேலால் போனது. விசில். கிளப் தப்பியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சிவப்பு அட்டை வாங்கியவர் திரும்பவும் களத்துக்குள் கால் வைத்தால் இன்னும் வில்லங்கம் வரும் என்று கிளப்காரர் பயந்துவிட்டார்கள். எனவே ஹென்னிங்கை உள்ளேயே மறித்து வைத்துவிட்டு, விழாவைத் திட்டப்படி நடத்தினார்கள்! ஆளில்லாமல்! தலைவர் எழுதி வைத்த பேச்சை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். வாசித்தார்.

"அன்பான ஹென்னிங், இதோ எங்கள் முன்னால் நிற்கிறாய்..."

சனம் சிரித்தது. அவர் நிமிரவில்லை. வாசித்துக்கொண்டே போனார்.

"இத்தனை வருடத்தில் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்காத கண்ணியமான வீரன்..."

அவ்வளவுதான். மைதானம் வெடித்தது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தார். எதிரணி ரசிகர்கள்கூடக் கைதட்டினார்கள். பூங்கொத்தையும், தன்னைவிட உயரமான ஒரு படச் சட்டத்தையும் அங்கெ வாங்கிக்கொண்டார். படத்தைத் தூக்க நான் போகவேண்டியிருந்தது. மறுநாள் ஊர்ப் பத்திரிகைப் படத்தில் என் கால் இரண்டும் வந்திருக்கின்றன.

ஹென்னிங்கை நாங்கள் கார் நிறுத்துமிடத்தில்தான் கண்டோம். ஈரத் தலை. கண் சிவந்திருந்தது. சோப் என்று வைத்துக்கொள்வோம்.

"தண்ணியைப் பூட்டிப்போட்டு காது குடுத்துக்கொண்டு நிண்டன்" என்றார். "பெரிய சத்தம் கேட்டுது. ஆனா எங்கட ஆக்களோ, அவங்கட ஆக்களோ... தெரியேல்லை. அப்பிடியே நிலத்தில குந்தீட்டன். பிறகு தலைக்கு மேல எங்கட ஆக்கள் இருந்த படியள் அதிரத் தொடங்கிச்சுது. அப்பதான் மூச்சு வந்தது."

"ஏன் பிடிச்சனீர்? உம்மட விழாவெல்லோ?" என்று கேட்டேன்.

"அவன் கோல் அடிச்சா நாங்கள் கீழ போறம். விளையாடுறவங்களுக்குப் பிரச்சினை இல்லை, வேற கிளப் கிடைக்கும். கன்ரீன்ல, ஒஃபிஸில வேலை செய்யிற ஆக்களுக்கு எங்க கிடைக்கும்? அதுக்குப் பிறகு நான் பூவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு படம் எடுக்கிறதோ?" கொஞ்சம் யோசித்தார். "உண்மையைச் சொன்னா, இதொண்டும் அப்ப யோசிக்கேல்லை. கை எட்டிச்சுது. பிடிச்சன்."

ஜெசி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கடைசி நாளாவது வேகமா ஓடினீரே ராசா" என்றாள், தமிழில். அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் தலையாட்டினார்.

நம் சனத்திடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன், ஒரு பிறந்தநாள் விழாவில். "பக்கத்து வீட்டில புட்போல் பிளேயரோ! முதலாம் டிவிஷனோ அண்ணை?" என்றார் ஒருவர். "இல்லை, இரண்டாம்" என்றேன். "ஆ..." என்றார். அந்த 'ஆ' எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை மருத்துவம் படிக்காமல் ஆஸ்பில்டுங் செய்கிறது என்று, அதுதான் தொழில் பழகுகிறது என்று சொன்னால் விழும் அதே 'ஆ'. குசினி அலுமாரித் தொழிற்சாலையில் வாழ்நாள் முழுக்க இழுத்துத் திறக்கும் லாச்சி பூட்டிய எனக்கும் அது தாராளமாகக் கிடைத்திருக்கிறது. அந்த லாச்சிகள் இன்றைக்கும் பல வீடுகளில் சத்தமில்லாமல் திறந்து மூடுகின்றன. அதற்கு யாரும் எழும்பி நின்று கைதட்டுவதில்லை. தட்டவும் வேண்டாம், திடுக்கிட்டுப்போவேன். ஆனால் அந்த 'ஆ'வை மட்டும் கொஞ்சம் சுருக்கலாம் அல்லவா?

நேற்று வேலியடியில் ஹென்னிங் நின்றார். முகத்தில் ஒரு விசித்திரமான சிரிப்பு. வருகிற சீசன் முதல் பக்கத்துக் கிராமத்தின் வயதானவர்கள் அணியில் விளையாட ஒத்துக்கொண்டிருந்தாராம். வெள்ளிக்கிழமைகளில் ஆட்டம், முடிய பியர்.

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா சிவப்பு அட்டைக்கு மூண்டு மட்ச் தடை போட்டிருக்கிறாங்கள். அது முடியும்வரைக்கும் அங்கையும் இறங்க ஏலாதாம்."

ஜேர்மனியில் மனிதன் ஓய்வு பெறலாம்... அவன் தண்டனை ஓய்வு பெறாது!