பதினேழாம் கேள்வி

இருபத்தாறு நாடுகளில் லிஃப்ட் செய்து விற்கும் கம்பெனி அது. அதன் ஒரு கிளையில் நன்னடத்தை அதிகாரியாக இருந்த அம்மாளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவர் கேன்டீனுக்குள் கால் வைத்ததும் எல்லா மேசையிலும் பேச்சு மழைக்குத் தாவும். "வானிலை தெரிஞ்சுக்க நான் ரேடியோ கேக்க வேண்டியதில்ல" என்பார் கணவரிடம்.

கண்டிப்பு அவருக்கு அப்பா வழிச் சொத்து. அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட்டைத் தொலைத்த சொந்த மனைவியையே பாதி வழியில் இறக்கிவிட்டவர்.

ஜெராக்ஸ் மிஷினுக்கும் கழிவறைக்கும் நடுவே அவருடைய அறை. கதவில் புகார்ப் பெட்டி. அதில் பெரும்பாலும் மிட்டாய்க் காகிதம்தான் விழும்.

ஆண்டுதோறும் தலைமையகம் கம்ப்யூட்டரில் ஒரு நன்னடத்தைத் தேர்வு வைக்கும். நாற்பது கேள்விகள். அந்த வருடம் நூற்றுப் பன்னிரண்டு பேர் முப்பத்தொன்பது மதிப்பெண் வாங்கினார்கள். வாசல் செக்யூரிட்டி மட்டும் இருபத்திரண்டு. கிளை மேலாளர் எல்லோருக்கும் கேக் வரவழைத்தார். செக்யூரிட்டிக்குக் கேக்கோடு திட்டும் கிடைத்தது.

அம்மாளுக்குக் கேக் இறங்கவில்லை. ஒரு சினிமாவைப் பற்றிக்கூட ஒத்துப்போகாத கூட்டம், ஒரே மதிப்பெண்ணை எப்படி எடுத்தது? விடைகளைத் திறந்து பார்த்தார். அத்தனை பேரும் தவறியது பதினேழாம் கேள்வியில். 'தேர்வு எழுதும் சக ஊழியர் உங்களிடம் விடை கேட்டால்?' நூற்றுப் பன்னிரண்டு பேரும் குறித்திருந்த பதில்: 'அன்போடு உதவுவேன்.'

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு மட்டும் விடை வரலையா?"

"வந்துச்சும்மா, வாட்ஸ்அப்புல. மேனேஜர் சார்தான் அனுப்பினாரு. கேள்வியப் படிக்காம எப்படிக் குறிக்கிறதுன்னு படிச்சேன். பாதிதான் புரிஞ்சுது."

"பதினேழுக்கு என்ன போட்டீங்க?"

"சொல்லித் தரமாட்டேன்னு. அப்புறம் மனசே கேக்கல, மாத்திட்டேன். கூட வேலை பாக்குறவங்க கேட்டா எப்படி இல்லேங்கிறது?"

அம்மாள் போய்க் கேட்டபோது மேலாளர் மழுப்பவில்லை. "போன வருஷம் நம்ம கிளைதான் கடைசி. அதான். நீங்க இத மேல எழுதணுமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு ரெண்டு மாசம் லீவு கேட்டீங்க. நான் ஒரு கேள்வி கேட்டேனா?"

உண்மைதான், கேட்கவில்லை. அம்மாள் எழுந்து தன் அறைக்குப் போனார். சாயங்காலம் கணவரிடம் சொன்னார். அவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நல்ல மனுஷன். ஆஸ்பத்திரிக்குக்கூட வந்து பார்த்தாரு. ஆனா எனக்காக நீ இத மறைச்சா, இனிமே அவரப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்."

மறுநாள் அறிக்கை போயிற்று. அதில் மேலாளர் அனுப்பிய விடைகளைப் பற்றி எழுதியவர், தன்னைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தார்: கேள்விகள் யாருக்கும் புரியாது என்பது நான்கு வருடமாக எனக்குத் தெரியும், வாயைத் திறக்காதது என் தவறு.

மேலாளருக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. வரவிருந்த பதவி உயர்வு கைநழுவியது. மறுதேர்வுக்கு உத்தரவு வந்தது. இம்முறை கேள்விகளை அம்மாளே எழுதினார், செக்யூரிட்டியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு. அவர் நெற்றியைச் சுருக்கினால் வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதினார். தேர்வு கேன்டீனில் நடந்தது. போன்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள். முதல் வரிசையில் மேலாளர், பேனா நுனியைக் கடித்தபடி.

செக்யூரிட்டி முப்பத்து மூன்று. மேலாளர் இருபத்தேழு. இருபத்தாறு நாடுகளிலும் அந்தக் கிளைதான் கடைசி. காரணம் கேட்டுத் தலைமையகம் கடிதம் போட்டது. "இது நாங்களே எழுதியது" என்று அம்மாள் ஒரே வரியில் பதில் அனுப்பினார்.

மேலாளர் இரண்டு மாதம் அவரோடு மின்னஞ்சலில் மட்டும் பேசினார். அப்புறம் ஒருநாள் பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். இரும்புக் கம்பி சப்ளை செய்கிறவர் அனுப்பிய காபி மிஷின்.

"இத வச்சுக்கலாமா?"

"கூடாது சார்."

"ஒரே ஒரு காபி குடிச்சிட்டுத் திருப்பிக் குடுத்தா?"

"கூடாது."

பெருமூச்சு விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் படி வழியாகவே இறங்கினார். அந்த லிஃப்ட் கம்பெனியில் அன்று லிஃப்ட் ரிப்பேர்.