மேட்டில் ஏறிய காண்டாமிருகம்

கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தபோது, பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் கொட்டகையில் அசாம்காரர் ஒருவர் வேலை செய்தார். குள்ளமானவர். சிவப்புக் கரை போட்ட துண்டு அவர் கழுத்தைவிட்டு இறங்காது. ஆடி பிறந்துவிட்டால் தினமும் ஊருக்குப் போன் செய்து, ஆற்றில் வெள்ளம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்.

ஒரு நாள் விடுப்புக் கேட்டு வந்தார். காட்டுக்குள் வெள்ளம் புகுந்ததால் ஒரு காண்டாமிருகம் குட்டியோடு அவர் வீட்டு மேட்டில் ஏறி நிற்கிறதாம்.

"நெல்லத் தின்னுமே, வெரட்டப் போறீரா?" என்று சிரித்தாள் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அக்கா.

"வெரட்டக் கூடாது அக்கா. ஊரே மாறி மாறிக் காவல் நிக்கும். என் முறைக்கு வீட்டுல ஆள் இல்ல."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். காண்டாமிருகத்தில் ஐந்து வகை, நம் நாட்டில் இருப்பது ஒற்றைக் கொம்புள்ளது என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். "நீங்க போய்ச் சேர நாலு நாளாவும். அதுக்குள்ள வெள்ளம் வடிஞ்சிருமே?" என்றேன்.

"வடியும்போதுதான் சார் பயம். அது திரும்பிப் போற வழியில கள்ள வேட்டைக்காரன் கொம்புக்காகச் சுடுவான்."

விடுப்பு கிடையாது, போனால் வேலையும் கிடையாது என்றார் மேஸ்திரி. அசாம்காரர் மதிய பஸ்ஸிலேயே போய்விட்டார். பிறகு வரவில்லை. குட்டி காடு சேர்ந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

அன்று பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே காரணம் எழுத வேண்டியிருந்தது.

"குடும்பக் காரியம்னு எழுது மக்கா" என்றார் மேஸ்திரி. கேலியாகத்தான் சொன்னார். நான் அதையே எழுதினேன். பொய் எழுதிய உறுத்தல் எனக்கு இன்றுவரை இல்லை.