ஊருக்கு ஒரு சீசாத் தண்ணீர்

மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் வாடையும் அதன்மேல் கொதிக்கிற துவரம் பருப்பின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். எண்பதுகளின் நடுவில், கொரட்டூரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை "போர்சனில்", அடுப்புக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கொதிக்கிற பருப்பைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார் என் அப்பா. நானும் தம்பியும் அவரை நைனா என்று கூப்பிடுவோம். அந்தப் பருப்பு வேகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் நாங்கள் எந்த ஊருக்குக் குடிபோவது என்று முடிவாகும்.

நைனாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சைக்கிள் சாமான்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. செய்து முடித்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்த்து, தேறாததைக் கழித்துப் போடுகிற "செக்கிங்" பிரிவு. காலையிலிருந்து மாலைவரை சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தியைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா? பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காய்ச்சச் சொல்வார். மளிகைக்கடைக்காரர் மரியாதையாகப் பேசினால் அன்றைக்குத் தராசை இரண்டு முறை பார்ப்பார். "சிரிச்சினு வர்றவன்கிட்ட உசாரா இரு, மொறச்சினு வர்றவன் ஒன்னும் பண்ண மாட்டான்" என்பது அவர் எங்களுக்கு ஓயாமல் சொன்ன புத்திமதி. அவருடைய அப்பாவும் அப்பாவின் அப்பாவும் ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வம்சத்தில் சொந்தமாக மண் வாங்கப்போகிற முதல் ஆள் தான்தான், அதில் ஏமாந்துவிடக்கூடாது என்ற பயம்தான் அந்தக் கோடையில் அவரை அப்படி ஆட்டிவைத்தது. சின்னப் பெண்ணான எனக்கு அது புரியவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அம்மாவின் பாடு வேறு. நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவுக்குக் காது ரொம்பக் கூர்மை. வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கொஞ்சம் நீண்டாலே, "இன்னா கமலா, இன்னும் கழுவிகினே கீற?" என்று முன்கட்டிலிருந்து குரல் வரும். பகலில் விளக்கு எரிந்தால் வரும், தம்பி அழுதால் வரும், உறவுக்காரர் யாராவது வந்து செருப்பைக் கழற்றிப் போட்டால் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு வரும். அந்தக் கோடையில் அந்தம்மா, தங்கை மகள் குடிவருகிறாள், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் காலி செய்துவிடு என்று சொல்லிவிட்டாள். நிஜமாகவே அப்படி ஒரு தங்கை மகள் இருந்தாளா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. அம்மா அழவில்லை. நைனா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, "இன்னொரு போர்சன்ல நான் கால் வெக்க மாட்டேன். ஓலக் கொட்டாயா இருந்தாலும் நம்ம ஊடா இருக்கணும்" என்றாள்.

கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் மனை வாங்க எங்களால் ஆகாது. அதனால், விலையும் கட்டுப்படியாகி, விடிகாலை ஷிப்டுக்கு நைனா வந்து சேரவும் முடிகிற கிராமமாகப் பார்த்து ஞாயிறுதோறும் கிளம்புவோம். கூட்டிப்போவது ஏகாம்பரம் என்ற மனை புரோக்கர். வெள்ளை வேட்டி, வெற்றிலைச் சிவப்பு, வாய் ஓயாத ஆள். எந்த ஊருக்குப் போனாலும் வெயிலில் வெடித்துக் கிடக்கிற கழனியில் சுண்ணாம்பு பூசிய கற்கள் வரிசையாக நட்டிருக்கும். அவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு, "அண்ணாத்தே, இந்தாண்ட பஸ் ஸ்டாண்டு வருது, அந்தாண்ட ஆஸ்பத்திரி வருது, டேசன் அஞ்சி நிமிசம்" என்பார். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அஞ்சு நிமிஷத்தை நடந்து பார்ப்பார். பெரியவர்களின் நடை கணக்கில் சேராதாம், பிள்ளைகள் நடக்கிற நடைதான் கணக்காம். அந்தக் கணக்குப்படி ஏகாம்பரத்தின் அஞ்சு நிமிஷத்தில் என் செருப்பு அறுந்து, தண்ணீர் தாகம் எடுத்து, ஒருமுறை நான் அழுதும் முடித்திருப்பேன்.

தண்ணீர் விஷயத்தில் நைனாவின் சந்தேகம் முற்றியது வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு மனை பார்த்த அன்றைக்கு. நெடுஞ்சாலை ஓரம், வாகான இடம், அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. அந்த மனையை விற்கிறவர் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "நம்ம கெணத்து தண்ணிதான், எளநி மாரி இருக்கும்" என்றார். உண்மையிலேயே இளநீர் மாதிரிதான் இருந்தது. குடித்துவிட்டு நைனா சும்மா நடப்பவர்போல் கிணற்றடிக்குப் போனார். ராட்டினத்தில் தொங்கிய கயிற்றை மேலிருந்து கீழ்வரை விரலால் உருவிப் பார்த்தார். கயிறு காய்ந்து சொரசொரவென்று இருந்தது. அன்றைக்கு அந்தக் கிணற்றில் யாரும் ஒரு வாளி இறைத்திருக்கவில்லை. செம்புத் தண்ணீர் வேறெங்கிருந்தோ வந்தது. நைனாவுக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை நாள் தான் நினைத்ததெல்லாம் சரிதான் என்ற திருப்தியோடு பஸ் ஏறினார்.

அதற்கப்புறம்தான் சீசா வந்தது. போகிற ஊரில் அவரே கயிற்றைப் பிடித்து, அவரே இறைத்து, தக்கை போட்ட கண்ணாடி சீசாவில் ஊற்றி, எந்த ஊர் என்று தெரிய கழுத்தில் கலர் நூல் கட்டி, மடியில் வைத்துக்கொண்டே வீடு வருவார். சாயங்காலம் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் துவரம் பருப்பு எத்தனை கொதித்தாலும் வேகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அதை நைனா ஒரு பரீட்சையாகவே ஆக்கிவிட்டார். எப்போதும் ஒரே கடைப் பருப்பு, ஒரே பாத்திரம். குக்கர் கூடாது, "குக்கர்ல கல்லப் போட்டாலும் வெந்துடும்" என்பார். முன்னும் பின்னும் நகராமல் உட்கார்ந்திருந்து, கடைசியில் கரண்டியால் ஒரு பருப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குவார். மனிதர்கள் சொல்வதில் எதையும் நம்பாதவர் அந்த ஒரு பருப்பை மட்டும் நம்பினார்.

ஆவடிப் பக்கத்துத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. பூந்தமல்லி தாண்டி ஒரு கிராமத்துத் தண்ணீரில் வெண்ணெய் மாதிரி வெந்தது, அம்மா சந்தோஷமாக நிமிர்ந்தபோது நைனா யோசித்துவிட்டு, "இவ்ளோ நல்ல தண்ணி கீற எடத்த அவன் இன்னாத்துக்கு விக்கிறான்?" என்றார். அந்த மனையும் போயிற்று. பள்ளிக்கூடம் திறக்க அதிக நாள் இல்லை. வீட்டுக்காரம்மா வேண்டுமென்றே எங்கள் கதவுக்கு எதிரே வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தாய்யா, அடுத்த தபா பருப்பு வெந்துச்சின்னா வேற பேச்சே பேசக் கூடாது. புள்ளைங்க மேல கை வெச்சி சொல்லு" என்றாள். நைனா என் தலைமேல் கை வைத்துச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நெமிலிச்சேரி. பட்டாபிராம் தாண்டி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நெல்லு விளைகிற கழனிகள், இந்தப் பக்கம் மேட்டில் மனைகள். சுற்றிலும் வீடென்று பார்த்தால் தூரத்தில் ஒன்று, அதற்கும் தூரத்தில் ஒன்று. எனக்கு அந்த வெட்டவெளி பிடிக்கவில்லை, யாராவது பிடித்துக்கொண்டு போனால்கூடக் கேட்க ஆளில்லையே என்று தோன்றியது. அம்மா கற்களுக்கு நடுவில் தம்பியை இறக்கிவிட்டாள். அவன் ஏதோ கேட்டு வீறிட்டு அழ ஆரம்பித்தான். அம்மா பழக்கத்தில் அவன் வாயைப் பொத்தப் போனவள், கையை எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். ஒரு குரலும் வரவில்லை. அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சத்தம்போட்டுச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. பக்கத்து மனைக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நைனா, ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சீசாவை நிரப்பினார்.

சாயங்காலம் பருப்பு கொதித்தது, கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது. அம்மா பாத்திரத்துக்குள் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா, வாசல் கேட்டை யார் திறந்து போட்டது என்று நைனாவைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து போன மறுநிமிஷம் அம்மா அலமாரியிலிருந்து ஆப்பசோடா டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகையைக் கிள்ளிப் பருப்பில் போட்டாள். சோடா போட்டால் எதுவும் வெந்துவிடும் என்பது எனக்கே தெரியும். நான் பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். "இன்னா பாக்குற, போய் தம்பிய பாத்துக்கோ" என்றாள். நைனா திரும்பி வந்தபோது பருப்பு நுரை நுரையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. பலகையில் உட்கார்ந்தார். நுரையைக் கரண்டியால் ஒதுக்கினார். ஒரு பருப்பை எடுத்து நசுக்கினார். குழைந்து விரலில் ஒட்டியது. அந்த விரலை நாக்கில் வைத்தார். "வெந்துடுச்சி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இரண்டு நாள் கழித்து, ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஏகாம்பரத்திடம் முன்பணம் கொடுத்தபோது நானும் கூட இருந்தேன். கொடுப்பதற்கு முன் நைனா அந்த ஆளைக் குடைந்தெடுத்துவிட்டார். பட்டா யார் பேரில், பாதை பொதுவா, மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், பக்கத்து மனைக்காரன் எப்படிப்பட்டவன் என்று கேட்ட கேள்வியில் ஏகாம்பரத்துக்கு டீ ஆறிப்போயிற்று. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது ஏகாம்பரமே, "அண்ணாத்தே, ஊரு ஊரா தண்ணிய தூக்கினு போவியே, இதப் பத்தி மட்டும் ஒன்னுமே கேக்கலியே?" என்றார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அத எங்க ஊட்ல பாத்துட்டாங்க" என்றார். நான் பன் தின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவின் கம்மலும் சங்கிலியும் மனையாயின. ஒரு அறை எழுப்பி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, பள்ளிக்கூடம் திறந்தபிறகும் வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சி வாங்கிய ஒரு மாதத் தவணைக்குள் குடிபோனோம். மனையில் போட்ட கைப்பம்பில் வந்த தண்ணீர் உப்புக் கரித்தது. சோப்புக்கு நுரை வரவில்லை, குடிபோன அன்றைக்கு வைத்த பருப்பு நறுக்கென்று பல்லில் கடிபட்டது. அம்மா நைனாவின் முகத்தையே பார்த்தாள். நைனா தட்டில் இருந்ததை ஒரு பருப்பு மீதி வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் ஷிப்டு முடிந்து வந்தவர், சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிக் கழனிப் பம்புசெட்டுக்குப் போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். அதற்கப்புறம் தொண்ணூறுகளில் தெருவுக்குக் குழாய் வரும்வரை, மழையிலும் காய்ச்சலிலும், அது அவருக்குத் தினப்படி வேலையாகிவிட்டது. அம்மா மட்டும் பம்புசெட் பக்கமே போனதில்லை. "நம்ம தண்ணிக்கு இன்னா கொறச்சல்" என்று பிடிவாதமாக, தனக்கு மட்டும் கைப்பம்புத் தண்ணீரையே குடித்தாள்.

போன மாதம் என் மகளும் மருமகனும் வேலப்பன்சாவடியில் அடுக்குமாடியில் ஒரு பிளாட் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். விற்கிற பையன் சிரித்துக்கொண்டே வந்து குளிர்ந்த பாட்டில் தண்ணீர் கொடுத்தான். இந்தக் கட்டிடத்துக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுப்பா என்றேன். மகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பும் வழியில் நெமிலிச்சேரியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினேன். பம்புசெட் இருந்த இடத்தில் இப்போது காவலாளி உட்கார்ந்திருக்கிற அடுக்குமாடி. கழனி இல்லை, கைப்பம்பு இருந்த இடத்தில் என் தம்பியின் கார் நிற்கிறது, குடிக்கிற தண்ணீர் கேனில் வருகிறது. நைனா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

பிளாட் கதையைச் சொன்னதும் அம்மா சிரித்தாள். "உங்க நைனா ரத்தம், வேற எப்டி இருக்கும்" என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அந்த மனுசன ஒரே ஒரு தபாதான் ஏமாத்தினேன். பாவம், கடைசி வரிக்கும் தெரியாமயே பூட்டாரு" என்றாள்.

அப்போதுதான் டீக்கடை பெஞ்சில் ஏகாம்பரம் கேட்டதும் நைனா சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தன. அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லும்படியான விஷயமாகத் தோன்றியதும் இல்லை. அப்படியே அம்மாவிடம் சொன்னேன். பாலை நகத்தில் விட்டுப் பார்க்கிறவருக்கு, நுரையை ஒதுக்கிவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவருக்கு, சோடாவின் ருசி தெரியாமலா இருந்திருக்கும்.

அம்மா கேனுக்குப் பக்கத்தில் போய் நின்று, குழாயைத் திறக்காமலே அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிகினேவா அவ்ளோ தண்ணி தூக்கினாரு?" என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் கூடப் போய் ஒரு கொடம் தூக்கினு வந்திருப்பேனே."