பொன்னியம்மாள் கையில் ஏறிய வளையல்

பொன்னியம்மாளுக்கு வாய் நீளம். ஆந்திர எல்லையோரத்து வரதய்யபாளையத்தில் அவளோடு பேசி ஜெயித்தவர் கிடையாது. தோற்றவர்களில் பாதிப்பேர் பிறகு அவளிடமே யோசனை கேட்க வந்தார்கள், அது வேறு விஷயம். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். சாரம் சரிந்து பிணமாகத்தான் வந்தான். காரியத்தன்று ஊர்ப் பெண்கள் கூடி அவள் கை வளையல்களை அடித்து உடைத்தார்கள். அன்றிலிருந்து மொட்டைக் கைதான். அந்தக் கையாலேயே நாற்று நட்டு, களை பறித்து, ஒற்றை மகன் ஜெயபிரகாஷை ஐடிஐ படிக்க வைத்தாள். ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் வந்தபோது செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. அங்கேதான் ரூபாவைக் கண்டுபிடித்தான்.

ரூபா பாலசமுத்திரத்துப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோதே மண்டைக்குள் நீர் கோத்துத் தலை பெருத்துவிட்டது. சென்னையில் ஆபரேஷன் செய்து ஒரு குழாய் வைத்தார்கள். காதுக்குப் பின்னால் தொடங்கி, தோலுக்கடியில் கழுத்து வழியாக இறங்கி, வயிற்றில் முடிகிற குழாய். மிஞ்சிய நீர் அதன் வழியே வடிந்துவிடும். பெண் கேட்டுப் போனபோது தாயில்லாத அந்தப் பெண்ணின் தகப்பன் முனியப்பன் எதையும் மறைக்கவில்லை.

"தலைவலியும் வாந்தியும் ஜதையா வந்தா ஒரு நாளு கூட வெச்சுக்கினு இருக்காதம்மா. கொழா அடைச்சுக்கிச்சுன்னு அர்த்தம்."

பொன்னியம்மாள் தலையை ஆட்டினாள். பெண் லட்சணமாக இருக்கிறாளே என்ற சந்தோஷத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

ரூபா முழுகாமல் இருந்தபோது வாந்தி வந்தது, நின்றது. ஏழாம் மாதத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது, கூடவே தலைவலி. ஜெயபிரகாஷ் டாக்டரிடம் போகலாம் என்றான். "பேசாத இருடா, எனக்குத் தெரியாத மசக்கையா? இது தொக்கம்," என்று அடக்கிவிட்டாள் பொன்னியம்மாள். தின்றது உள்ளே சிக்கிக்கொண்டால் தொக்கம். அந்தப் பக்கத்தில் வாந்தி நிற்காவிட்டால் முதலில் போவது தொக்கம் எடுப்பவளிடம்தான். ரத்னம்மா, "பிள்ளைத்தாச்சி வயித்துல கை வெக்க மாட்டேன்" என்று தொண்டையை மட்டும் நீவி, ஒரு புளித்தோலை எடுத்துக் காட்டினாள். அன்று சாயங்காலம் ரூபா கொஞ்சம் தெளிவாக இருந்தாள். போதாதா? தெரு முழுக்கப் பெருமை பேசியாயிற்று.

ரூபாவுக்கோ உள்ளுக்குள் சந்தேகம். குழாய் என்று வாயைத் திறந்தால் பிள்ளையைக் கலைக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாள். அப்பன் போனில் கேட்டபோதும் மசக்கை என்றே சொல்லிவிட்டாள்.

வளைகாப்பு நாள் வந்தது. கூடத்தில் சுமங்கலிகள் ரூபாவின் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்களை அடுக்கினார்கள். மாமியார்க்காரி அடுப்பங்கரைப் புகையில் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். தாலியறுத்தவள் மங்கலக் காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாதாம். என்ன நியாயமோ! ஊருக்கே நியாயம் சொல்கிற பொன்னியம்மாள் இதை மட்டும் கேட்டதில்லை.

வளையல் குலுங்க, சுவரைப் பிடித்தபடி ரூபா அடுப்பங்கரைக்குள் வந்தாள்.

"அத்தே, நீ ரெண்டு ரெண்டா தெரியற."

"என்னாடி சொல்ற?"

"தொக்கம் இல்ல அத்தே. கொழாதான். புள்ளைய எடுத்துடச் சொல்லுவாங்கன்னு சொல்லாத இருந்துட்டேன்."

முனியப்பன் சொன்னது முழுசாக அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அடிப்பாவி, நானே உன்னை முழுங்கப் பாத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கரண்டியைப் போட்டுவிட்டு, சுமங்கலிகள் நடுவில் புகுந்து, மருமகளை அணைத்தபடி வெளியே கூட்டிவந்தாள். பக்கத்து வீட்டு சிட்டிபாபு காரை எடுத்தான். வழியெல்லாம் பொன்னியம்மாள் ஏழுமலையானோடு சண்டை போட்டாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு விவரம் சொன்னாள். வளரும் பிள்ளை நெருக்கியதில் வயிற்றிலிருந்த குழாயின் முனை அடைத்துவிட்டது, மண்டையில் நீர் ஏறுகிறது. அந்த முனையை வயிற்றிலிருந்து எடுத்து, இருதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் வைக்க வேண்டும். பிள்ளையைக் கலைக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போதே செய்தாக வேண்டும்.

ஸ்ட்ரெச்சரில் ரூபா கண்ணைத் திறக்கவில்லை. நர்ஸ், "காஜுலு தீசேயண்டி!" என்று தெலுங்கில் வளையல்களைக் கழற்றச் சொன்னாள். வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரை கழற்றக்கூடாது. வயிற்றுப்பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வளரும் என்பது நம்பிக்கை. வீங்கிய கையில் வளையல் அசையவில்லை. நர்ஸ் கத்தரியை எடுத்து நெருக்கி உடைக்கப் பார்த்தாள்.

"ஒடைக்காத!" பொன்னியம்மாள் போட்ட சத்தத்தில் நர்ஸ் பின்வாங்கிவிட்டாள். "எனக்கு ஒடைச்சது போதும். எம் மருமவளுக்கு ஒடைக்க உடமாட்டேன்."

சோப்பைத் தண்ணீரில் குழைத்துத் தடவி ஒவ்வொன்றாக வழித்தெடுத்தாள். கீழே வைக்க மனம் வரவில்லை. கழற்றக் கழற்றத் தன் கையில் போட்டுக்கொண்டே வந்தாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடிய பிறகுதான் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். கழற்றவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிள்ளையின் துடிப்பும் சரியாக இருந்தது. மயக்கம் தெளியாத ரூபாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வயிற்றருகே கைகளை மெல்லக் குலுக்கிக்கொண்டிருந்தாள் பொன்னியம்மாள். பார்க்க வந்த ஊர்க்காரி சுந்தரம்மா முகத்தைச் சுளித்தாள்.

"தாலியறுத்த கையில வளையலா பொன்னி? நல்லாவா இருக்குது?"

"உள்ள இருக்கற புள்ளைக்கு எது யாரு கைன்னு தெரியுமா? அதுக்குச் சத்தம் வேணும். நீ போயி காப்பி வாங்கினு வா."

இரண்டாம் நாள் ரூபா எழுந்து உட்கார்ந்தாள். தலைவலி இல்லை, அத்தை ஒரே ஆளாகத் தெரிந்தாள். வளையல்களைத் திருப்பிப் போட வந்தவளிடம் வலது கையை மட்டும் நீட்டினாள்.

"எனக்கு இந்தக் கை வளையலு போதும் அத்தே. மத்ததை நீயே போட்டுக்கினு இரு."

பொன்னியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. வழக்கப்படி ரூபா தன் வளையல்களைக் கழற்றிப் பிரசவம் பார்த்த நர்ஸுக்குக் கொடுத்தாள். பொன்னியம்மாள் தன் கையில் இருந்ததை இன்றுவரை கழற்றவில்லை.